விளக்கு மாடம் இல்லாத சுவர்

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு லண்டனில் ஒரு கல்லூரியில் நான் துப்புரவு வேலை செய்தேன். காலை ஐந்து மணி ஷிப்ட். மூன்றாம் மாடி நடைகூடத்தில் ஒரு பெரிய படம் மாட்டியிருந்தது. புல்லுக்குள்ளே முழங்கால் உயரச் செங்கல் சுவர்கள், அறை அறையாக. கூரை இல்லை. பின்னால் புகைகிற ஒரு மலை. யாரோ கட்டி முடிக்காமல் விட்ட வீடுகள் என்று நினைத்துக்கொண்டு தினமும் அதன் கண்ணாடியைத் துடைப்பேன்.

அந்த இலையுதிர் காலத்தில் அக்காவுக்கு ஒரு கடிதம் எழுதி, ஊருக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். அம்மாவும் அப்பாவும் காலமான பிறகு யாழ்ப்பாணத்து வீட்டில் அக்கா தனியாக இருந்தார். இராணுவம் வரப்போகிறது என்று அங்கே எல்லோரும் பயந்திருந்த நேரம். "சனம் ஓடினாலும் நீங்கள் வெளிக்கிடாதேங்கோ. அம்மா விளக்கு வைச்ச வீடு. ஒரு நாளும் இருண்டு கிடக்கக் கூடாது" என்று எழுதினேன். ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதினேன்.

ஒரு வாரம் கழித்து அந்தக் கல்லூரி ஆசிரியை ஒருவர் வழக்கத்தைவிட வேளைக்கே வந்தார். படத்தின் முன்னால் நின்ற என்னிடம், பிடித்திருக்கிறதா என்று கேட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. எப்போது கட்டி முடிப்பார்கள் என்று என் ஆங்கிலத்தில் கேட்டுவைத்தேன். அவர் சிரிக்கவில்லை. அது நிகராகுவா நாட்டில் பல நூறு ஆண்டுகளுக்கு முன் ஸ்பானியர்கள் கட்டிய நகரம் என்றார். நிலநடுக்கத்துக்குப் பிறகு சனங்கள் கையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு வெளியேறி, வேறிடத்தில் அதே பெயரில் இன்னொரு நகரம் கட்டினார்களாம். பழையது எரிமலைச் சாம்பலிலும் மண்ணிலும் புதைந்துவிட்டதாம்.

"எல்லோரும் போனார்களா?" என்று கேட்டேன்.

அவர் படத்தின் பக்கம் திரும்பினார். போனவர்களைப் பற்றித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள், தங்கினவர்களைப் பற்றித் தனக்குத் தெரியாது என்றார்.

அவர் போன பிறகும் நான் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். விளக்கு மாடம் வைக்கும் உயரத்துக்குக்கூட ஒரு சுவரும் இல்லை.

என்னோடு துப்புரவு வேலை செய்த, லண்டன் மனோர் பார்க்கில் குடியிருந்த எங்கள் ஊர்ப் பெண் வாளியோடு வந்தார்.

"என்ன அண்ணை, அந்த மலையடியிலை காணி வாங்கப் போறியளோ?"

நான் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். அவருடைய சிரிப்பு நின்றது.

"உங்களுக்கென்ன விசரோ? அக்கா நீங்கள் சொன்னால் கேக்கிற ஆளோ?"

"ஓம்."

"அப்ப இண்டைக்கே மற்றக் கடிதம் எழுதுங்கோ. விளக்காம் விளக்கு!"

யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி இல்லை. அன்றைக்கே, "உடனே வெளிக்கிடுங்கோ" என்று எழுதி, கொழும்புக்குப் போகிற இன்னொருவரிடம் கொடுத்தேன். அது கொழும்பைத் தாண்டும் முன்பே, ஊர் முழுக்க மழையில் ஒரே தெருவால் வெளியேறிவிட்டது என்று செய்தி வந்தது. எல்லோரும் போய்விட்டார்கள் என்றார்கள். எனக்கு மட்டும் அந்த 'எல்லோரும்' என்ற சொல்லை நம்ப முடியவில்லை. மார்கழி முழுதும் அந்த நடையைக் குனிந்த தலையோடு கூட்டினேன்.

தை மாதம் கிளிநொச்சியிலிருந்து அக்காவின் கடிதம் வந்தது.

"தம்பி, உன்ரை சொல்லை மீறிப்போட்டன், கோவிக்காதை. சனம் வெளிக்கிட்ட பிறகும் மூண்டு நாள் விளக்கு வைச்சன். நாலாம் நாள் பக்கத்து வீட்டு வளவிலை ஆமியின்ரை செல் விழுந்து வெடிச்சிட்டுது. அப்பவும் விளக்கைக் கொளுத்தி வைச்சிட்டுத்தான் வெளிக்கிட்டனான். எண்ணெய் நிறைய விட்டனான்."

இடது காது இப்போது கேட்பதில்லை என்பதைக் கடைசி வரியில், இடம் போதாமல், சின்ன எழுத்தில் எழுதியிருந்தார்.

எனது இரண்டாவது கடிதம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. "கோபமில்லை அக்கா" என்று பதில் போட்டேன். பிழை என்னுடையது என்று எழுதியிருக்க வேண்டும். இன்றும் தொலைபேசியில், அவருடைய வலது காதுக்கு, "சாப்பிட்டீங்களோ?" என்றுதான் சத்தமாகக் கேட்கிறேன்.