அப்பாவின் ஸ்பிரிங்கும் என் வயிறும்

எங்கள் வீட்டில் வண்டி ஏறினால் வாந்தி எடுப்பவள் நான் ஒருத்திதான். தம்பிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எனக்கு அப்போது எட்டு வயது.

கண்டியில் ஓர் அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் இலிகிதராக இருந்த அப்பா, பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கியிருந்தார். தெல்தோட்டையில் வாழ்க்கைப்பட்டிருந்த சித்திக்குத் தலைப்பிரசவம். தாய்தகப்பன் இல்லாததால் எங்கள் வீடுதான் அவளுக்குத் தாய்வீடு. வளைகாப்பு முடிந்ததும் தம் காரில்தான் அவளை அழைத்துவருவது என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். "இந்தக் குலுக்குற வண்டியில என் தங்கச்சிய ஏத்த மாட்டேன். வேன் பிடிங்க" என்றுவிட்டாள் அம்மா. அப்பாவுக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது.

பிலிமத்தலாவையில், பாஸ் என்று எல்லோரும் கூப்பிடும் மெக்கானிக் ஒருவர் மெத்தென்ற ஸ்பிரிங் போட்டுக் கொடுத்தார். அந்த ஞாயிறே என்னை ஏற்றிக்கொண்டு தெல்தோட்டை மலைப்பாதையில் ஓட்டிப் பார்த்தார் அப்பா. பள்ளங்களில் கார் தொட்டில் போல ஆடியது; வளைவுகளிலோ ஒரு பக்கமாகச் சரிந்தது. அந்தப் பாதையில் வளைவுக்கா பஞ்சம்? பாதி வழியில் வாந்தி எடுத்தேன். அடுத்த ஞாயிறு விறைப்பான ஸ்பிரிங். வளைவில் கார் சாயவில்லை, ஆனால் ரோட்டில் கிடந்த கல்லெல்லாம் என் வயிற்றுக்கு வந்து சேர்ந்தது. மறுபடியும் வாந்தி. அப்பா கோபிக்கவே இல்லை. வளைவில் வந்ததா, பள்ளத்தில் வந்ததா என்று அக்கறையாக விசாரித்தார். ஞாயிறு காலைகளில் தம் கையாலேயே எனக்கு இரண்டு இடியப்பம் கூடுதலாக வைத்தார். தம்பியை விட்டுவிட்டு என்னை மட்டும் முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு போனார். அப்பாவுக்கு என்மேல்தான் உயிர் என்று பள்ளிக்கூடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

மூன்றாவது முறை பாஸுக்கே அலுத்துவிட்டது. "மெத்தையாவும் இருக்கணும், சாயவும் கூடாதுன்னா எப்பிடி சேர்? ரெண்டுலயும் கொஞ்சம் விட்டுக்குடுக்கணும்" என்று நடுத்தரமான ஸ்பிரிங்கை மாட்டினார்.

அன்றும் கடைசி வளைவுகளில் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். பாவமாக இருந்தது. கண்ணை மூடி, பல்லைக் கடித்து, வந்ததை விழுங்கிவிட்டேன். எப்படி இருக்கிறது என்று கேட்டார். "ஒண்ணுமே பண்ணலப்பா" என்றேன். வீடு வரும்வரை அப்பா விசிலடித்துக்கொண்டே வந்தார். அம்மாவும் மனம் இறங்கிச் சரி என்றாள்.

அடுத்த வாரம் வளைகாப்பு முடிந்து, தெல்தோட்டையிலிருந்து சித்தியை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். நாலாவது வளைவில், "அத்தான், நிப்பாட்டுங்க" என்றாள் சித்தி. நிறுத்துவதற்குள் அம்மாவின் புதுச்சேலை பாழாகிவிட்டது. அம்மா தங்கையைக் கைத்தாங்கலாக இறக்கி, பின்னால் வந்த பஸ்ஸில் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டாள். கண்டி வரைக்கும் அந்த பஸ்ஸின் பின்னாலேயே நாங்கள் ஊர்ந்தோம்.

வழியில் அப்பா மெதுவாகக் கேட்டார்: "அன்னைக்கு ஒனக்கு நெசமாவே ஒண்ணும் பண்ணலையாம்மா?"

அவர் மனம் நோகக் கூடாதென்று, "சத்தியமா இல்லப்பா" என்றேன். என்னிடம் அவருக்கு வேண்டியிருந்தது அந்த வாந்தி ஒன்றுதான் என்பது எனக்கு அப்போது தெரியாது.