சிஞ்ஞோராவின் முள்ளில்லாச் செடி

இத்தாலியின் பலெர்மோவில் என்னுடைய நாள் இப்படித்தான் தொடங்குகிறது. காலை ஏழு மணிக்குத் தடித்த தோல் கையுறையை மாட்டிக்கொண்டு வளவின் பின்பக்கம் போய், மலைச்சரிவில் இருந்து இறங்கி வருகிற கறுப்புப் பழ முட்செடியை வேரோடு பிடுங்குவேன். அது முடிந்ததும் கையுறையைக் கழற்றிவிட்டுப் பக்கத்து மதிலோரம் வந்து, அதே கறுப்புப் பழச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவேன். பின்பக்கத்துச் செடிக்கு முள் இருக்கிறது, மதிலோரத்துச் செடிக்கு இல்லை. வேறு ஒரு வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை. முதல் கிழமை, பாஷை விளங்காததால் சொன்ன வேலையைப் பிழையாகச் செய்கிறேனோ என்று பயந்தேன். நான் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அந்த முட்செடியை இங்கே ரோவி என்கிறார்கள். முதன்முதலில் அதன் பழத்தைப் பார்த்தபோது எங்கள் ஊர் நாயுண்ணிதான் கப்பலேறி வந்துவிட்டது என்று நினைத்தேன். ஊரில் நாயுண்ணியைக் கண்டால் வெட்டுவோம், காயவிடுவோம், கொளுத்துவோம். பிள்ளைகள் பழத்தைத் தின்று நாக்கைக் கறுப்பாக்கிக்கொண்டு வருவார்கள். அதை வாங்கி வந்து நட்டுத் தண்ணீர் ஊற்றுகிற ஒருவரை நான் அங்கே கண்டதில்லை.

நான் வேலை செய்கிற இடம் நகருக்கு வெளியே மலையடிவாரத்தில் இருக்கிற பணக்கார வீடுகளின் குடியிருப்பு. ஒரு கோடையில் சரிவில் பிடித்த நெருப்பு ரோவிப் பற்றைகள் வழியே வீட்டு வாசல்வரை வந்துவிட்டதாம். அன்றிலிருந்து எந்த வளவிலும் ரோவி இருக்கக்கூடாது என்று வீட்டுக்காரர்களின் குழு விதி போட்டுவிட்டது. வசந்தகாலம் வந்தால் குழுவின் கிழவர் ஒருவர் கைத்தடியோடு வளவு வளவாக வந்து செடிகளை விலக்கிப் பார்ப்பார். இந்த விதிக்கு நடுவில்தான் என் சிஞ்ஞோரா, அதாவது நான் வேலை செய்கிற வீட்டு எசமானி, வடக்கே எங்கோ ஒரு நாற்றுப்பண்ணையில் இருந்து முள்ளில்லாத மூன்று செடிகளை வரவழைத்தாள். செடியோடு அச்சடித்த தாள் ஒன்றும் வந்தது. 'சென்சா ஸ்பீனே', முள் இல்லாதது, ஆகவே இது ரோவியே அல்ல என்று அவள் குழுவோடு ஒரு மாதம் வாதாடினாள். கடைசியில் ஒரு நிபந்தனையோடு விட்டார்கள். முள்ளோடு ஒரு தளிர் கண்டாலும் மூன்றையும் கிண்டி எறிந்துவிட வேண்டும்.

அவளுக்கு அந்தச் செடிகளில் அவ்வளவு பெருமை. விருந்தினர் வந்தால் பழத்தைக் காட்டுவதற்கு முன் என்னைத்தான் கூப்பிடுவாள். "சால்வோ, கையை விட்டுக் காட்டு!" என் பெயர் திருச்செல்வம். அதை அவள் சால்வோ ஆக்கி வைத்திருந்தாள். நான் சட்டைக் கையை மடித்து, முழங்கைவரை செடிக்குள் விட்டு, கீறல் இல்லாமல் வெளியே எடுத்துக் காட்ட வேண்டும். விருந்தினர் "பிராவோ" என்று கைதட்டுவார்கள். தங்கள் கையையே விட்டுப் பார்க்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை. பிறகு பாலாடை ஊற்றி அந்தப் பழத்தைத் தின்பார்கள். நானும் களவாக ஒன்று தின்று பார்த்தேன். சப்பென்று தண்ணீர் மாதிரி இருந்தது. அவர்கள் கைதட்டும்போது எனக்கு உண்மையிலேயே குமட்டும். ஆனால் கையை எடுத்ததும் நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் இன்னும் கூட அருவருப்பாக இருக்கிறது.

ஏன் அந்த வேலையை விட்டுப் போகவில்லை என்று ஊரில் இருந்து வாசிப்பவர்கள் கேட்கக்கூடும். இங்கே இருப்பவர்கள் கேட்க மாட்டார்கள். என் மனைவி வனஜா யாழ்ப்பாணத்தில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, யார் யாருடைய வீட்டிலோ ஒண்டிக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்து நாலு வருடம். அவளை இங்கே கூப்பிடுவதற்கு, இவன் என்னிடம் நிரந்தரமாக வேலை செய்கிறான் என்று சிஞ்ஞோரா கையெழுத்துப் போட்ட கடிதத்தைக் குவெஸ்தூராவில், அதாவது பொலிசில், கொடுக்க வேண்டும். கேட்கிறபோதெல்லாம், "பழம் முடியட்டும், சால்வோ" என்பாள்.

இந்த வேலையை எனக்கு எடுத்துத் தந்தவர் சூசையண்ணை. மன்னார்க்காரர், கோயில் பாதிரியாரோடு நல்ல பழக்கம். நான் சைவக்காரன் என்று தெரிந்தும் பாதிரியாரிடம் கூட்டிக்கொண்டு போய், "ஃபாதர், இவர் எங்கட பொடியன்" என்று சொல்லி என்னைச் சேர்த்துவிட்டவர். அவருக்கு மதிலுக்கு அந்தப் பக்கம், டாக்டர் வீட்டில் வேலை. சரிவில் ரோவி வெட்டி மதிலோரம் குவித்துக் காயவைப்பார். மத்தியானத்தில் மதிலுக்கு மேலால் தலையை நீட்டுவார்.

"என்ன தம்பி, மகாராணியின்ர செடி எப்பிடி இருக்கு?"

"எங்களைவிட நல்லா இருக்கு அண்ணை. அதுக்குப் பேப்பரும் இருக்கு."

அவர் சிரித்துவிட்டுத் தன் பாணில் பாதியைப் பிய்த்து இந்தப் பக்கம் தருவார்.

பிழை என் கையால்தான் வந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு செடியைச் சுற்றி மண் இறுகிக் கிடந்தால் அது தோட்டக்காரனுக்கு வெட்கம். ஒரு நாள் மண்வெட்டியை எடுத்து மூன்று செடிகளையும் சுற்றி ஆழமாகக் கொத்திக் கிளறி, வாழைக்குக் கட்டுவதுபோல வட்டப் பாத்தி கட்டினேன். சிஞ்ஞோராவுக்கும் அந்த வடிவு பிடித்துவிட்டது. ஒரு மாதம் போனபின் பாத்திக்குள் புதுத் தளிர்கள் வந்தன. தடவிப் பார்த்தேன், விரலில் இரத்தம் வந்தது. முள். கிண்டிப் பார்த்தால் அந்தத் தளிர் சிஞ்ஞோராவின் செடி வேரில் இருந்துதான் புறப்பட்டிருந்தது, சரியாக என் மண்வெட்டி வெட்டிய இடத்தில். இந்த இனத்துக்கு வேர் வெட்டுப்பட்டால் முள்ளோடு முளைக்கும் என்று அந்தத் தாளிலேயே எழுதியிருந்ததாம். எனக்கு அந்தப் பாஷை வாசிக்கத் தெரியாது, வாசிக்கத் தெரிந்தவள் வாசிக்கவில்லை. நான் அவள் எழும்புவதற்கு முன் நறுக்கி நறுக்கி எறிந்தேன். நறுக்க நறுக்க அது கூடிக்கொண்டே வந்தது.

ஒரு காலை, நான் நறுக்கத் தவறிய ஒன்றைக் குழுக் கிழவர் தன் கைத்தடியால் தூக்கிப் பிடித்தார். சிஞ்ஞோராவின் முகம் வெளிறிவிட்டது.

"சால்வோ, இது எங்கிருந்து வந்தது?"

அவள் கண் செடியில் இருந்து மதிலுக்குப் போனது. மதிலுக்கு மேலால் சூசையண்ணை குவித்த முட்குவியல் தெரிந்தது.

"அந்தச் சிங்களேசே போட்டதுதானே? அவன் எறிந்ததுதான் இங்கே விழுந்து முளைத்திருக்கிறது. அப்படித்தானே?"

இலங்கையில் இருந்து வந்த எல்லோரும் இங்கே சிங்களேசேதான். இந்த நாலு வருடமும் அவள் அந்தச் சொல்லைச் சொல்கிற ஒவ்வொரு முறையும், வேலையைப் போட்டுவிட்டு நின்று, "இல்லை சிஞ்ஞோரா, தமிழ். நானும் தமிழ், சூசையண்ணையும் தமிழ்" என்று திருத்தியவன் நான். அதற்காகத்தானே ஊரைவிட்டு ஓடிவந்தோம் என்று ரோசத்தோடு சொன்னவன். அன்றைக்குத் திருத்தவில்லை. அவளுடைய மேசையில் இருந்த, இன்னும் கையெழுத்துப் போடாத கடிதம்தான் என் கண்ணுக்குள் நின்றது.

"ஸி, சிஞ்ஞோரா" என்று ஆமோதித்தேன்.

கிழவருக்கு அது போதுமாக இருந்தது. முள் வெளியில் இருந்து வந்ததென்றால் செடியில் குற்றமில்லை. மூன்று செடிகளும் தப்பின. சிஞ்ஞோரா அன்று பின்னேரமே டாக்டர் வீட்டுக்குப் போய்ப் பேசினாள். திங்கட்கிழமை மதிலுக்கு அந்தப் பக்கம் வேறு ஒருவன் நின்றான். அந்தக் கிழமைக்குள் என் கடிதத்தில் கையெழுத்து விழுந்தது. பழம் முடிய வேண்டும் என்று அவள் சொல்லவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

வனஜா வந்து சேர்ந்தாள். கபோ சந்தைக்குப் பின்னால் ஒடுங்கிய படியேறிப் போகிற ஓர் அறையில் இருக்கிறோம். வந்த இரண்டாம் ஞாயிறு கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. சூசையண்ணை. இப்போது போர்கோ வெக்கியோ சந்தையில் மீன் பெட்டி தூக்குகிறார். மெலிந்துவிட்டார். கையில் ஈரக் கடதாசியில் சுற்றிய விளைமீன். எல்லாம் தெரிந்து சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அந்தச் சண்டை எனக்கு வேண்டியும் இருந்தது.

வனஜா மீனைக் குழம்பு வைத்தாள். அவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நிறுத்தினார்.

"தம்பி, உன்னட்டை ஒண்டு கேக்கத்தான் வந்தனான். மன்னிச்சுக்கொள்ள வேணும்."

"என்னண்ணை?"

"அந்த முள்ளை நான்தான் கவனமில்லாமல் மதிலோடை போட்டனான். அதுதான் உன்ர பக்கம் விழுந்து முளைச்சுப்போச்சு. தங்கச்சி வரமுதலே உன்ர வேலையும் போயிருக்கும். அதை நினைச்சு நினைச்சு எனக்கு நித்திரை இல்லை. என்ர வேலை போனது பரவாயில்லை, நான் தனி ஆள்."

"அதுக்கென்னண்ணை, வேணுமெண்டே செய்தனீங்கள்? சாப்பிடுங்கோ" என்று வனஜா அவருடைய சோற்றுக் கோப்பையில் இன்னொரு துண்டு மீன் வைத்தாள்.

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். இப்போது சொல்லலாம், இந்த வாய் முடிந்ததும் சொல்லலாம் என்று நினைத்தபடியே கோப்பை காலியாகிவிட்டது. இதை எழுதி மன்னிப்புக் கேட்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கேட்க வேண்டியவர் எதிரில் இருந்தார், கேட்கவில்லை.

போகும்போது கதவடியில் நின்று, "சிஞ்ஞோராவிட்டை ஒருக்காச் சொல்லிவிடு தம்பி, நான் வேணுமெண்டு செய்யேல்லை எண்டு" என்றார்.

"ஓம் அண்ணை, சொல்லுறன்."

அவர் படியிறங்கிச் சந்தைச் சந்துக்குள் போவதை வனஜா பல்கணியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல மனுசன் என்ன? இஞ்சேருங்கோ, அவர் எங்கட ஆள்தானே?"

நான் அவர் சாப்பிட்ட கோப்பையோடு நின்றேன். குழாயை முழுவதும் திறந்துவிட்டேன். அவள் இன்னொருமுறை கேட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காதவன் மாதிரிக் கழுவிய கோப்பையையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தேன்.