முப்பத்தொன்றாம் அத்தியாயத்துக்குப் பிறகு

மூன்று வருடங்களுக்கு முன்பு, பாலக்காட்டுப் பக்கமிருந்து ஆடிக்காற்று கதவைத் தள்ளிக்கொண்டு வீசிய நாட்களில், மதுக்கரையில் எங்கள் வீட்டில் இது தொடங்கியது. அப்போது எனக்கு ஐம்பத்து நான்கு வயது. சர்க்கரை நோய் இரண்டு கண்களின் விழித்திரையையும் கெடுத்திருந்தது. ஆள் வருவது தெரியும், பஸ்ஸின் நிறம் தெரியும். எழுத்து மட்டும் தெரியாது. எதை உற்றுப் பார்த்தாலும் அந்த இடத்தில் ஒரு சாம்பல் திட்டு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இருபத்தைந்து வருடம் வீட்டிலேயே துணி தைத்துக் கொடுத்தவள் நான். தையலை விட்டபோதுகூட அவ்வளவு அழவில்லை. வாசிக்க முடியாமல் போனதுதான் தாங்கவில்லை. ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கும்போதே மடியில் லைப்ரரி புத்தகம் விரிந்திருக்கும். கண் போன பிறகும் சில நாள் லைப்ரரிக்குப் போய், ஏதோ ஒரு புத்தகத்தை எடுத்துப் பக்கங்களைப் புரட்டிவிட்டு, அப்படியே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

சென்னையில் வேலை பார்க்கும் மகள்தான், புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள், போனில் இறக்கிக் கேட்கலாம் என்றாள். இறக்குகிற வேலை என் வீட்டுக்காரருக்கு. சிமெண்ட் ஆலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுசில் ஒரு கதைப் புத்தகம் முழுசாகப் படித்ததில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒற்றை விரலால் போனைக் குத்திக்கொண்டு உட்காருவார். ஒரு இடத்தில் இலவசம் என்று போட்டிருந்தது. பத்து நிமிடம் கதை ஓடிய பிறகு வங்கி அட்டையின் எண்ணைக் கேட்டது. இன்னொன்றை இறக்கியதும் போன் முழுக்க விளம்பரம் வந்து, மகள் சொல்லச் சொல்ல அதை நீக்க அரை நாள் ஆனது. மூன்றாவதில் மெஷின் குரல். கதாநாயகியின் அப்பா உயிர் விடுகிற இடத்தில், "பக்கம் நூற்றுப் பன்னிரண்டு" என்று சொல்லிவிட்டு மேலே போனது. நானும் அவரும் அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஒரு வாரம் தேடி, கடைசியில் ஒரு தளம் கிடைத்தது. காப்புரிமைக் காலம் முடிந்த பழைய புத்தகங்களை, ஆர்வமுள்ளவர்கள் தங்கள் வீட்டிலிருந்தே வாசித்து ஏற்றி வைத்திருந்தார்கள். அதில் ஒரு நாவல். கப்பலேறிப் போன கணவனுக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்ணின் கதை. நாற்பது அத்தியாயம். வாசித்தவர் எங்கள் பக்கத்துப் பெண் என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. புத்தகத் தமிழைத்தான் வாசித்தார். ஆனால் இடையில் மயில் அகவும். உடனே, "ஒரு நிமிசமுங்க, அது கத்தி முடிக்கட்டும்" என்பார். ஒரு இடத்தில், "கரண்டு வந்துருச்சு, மோட்டாரு போடோணும். மிச்சத்தை நாளைக்கு வாசிக்கறனுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அதையெல்லாம் வெட்டாமல் அப்படியே ஏற்றியிருந்தார்.

அந்தக் குரலுக்கு நான் அடிமையாகிவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். கனமான குரல், அவசரமே இல்லாத குரல். காலையில் காய் நறுக்கும்போது ஒரு அத்தியாயம், துணி மடிக்கும்போது ஒன்று. பல வருடம் கழித்து யாரோ பக்கத்தில் உட்கார்ந்து எனக்கென்று பேசுவதுபோல இருந்தது. முப்பத்தொன்றாவது அத்தியாயத்தில் அந்தப் பெண்ணுக்குக் கடிதம் வருகிறது. அவள் அதைப் பிரிக்கப் போகிறாள். அதோடு நின்றுவிட்டது. அடுத்த அத்தியாயம் தளத்தில் இல்லை.

நாளைக்கு வரும், அடுத்த வாரம் வரும் என்று தினமும் வீட்டுக்காரரைப் பார்க்கச் சொன்னேன். மூன்று மாதம் ஆகியும் வரவில்லை. அந்த நாவல் வேறு எங்கும் ஒலிவடிவில் இல்லை. கடைசியில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. புத்தகத்தின் கீழே கருத்து எழுதும் இடத்தில், பேசினால் எழுத்தாக மாறும் வசதியை வைத்து நானே சொன்னேன். முடிக்க முடியாதவர் எதற்காக ஆரம்பிக்க வேண்டும், கண் தெரியாமல் காதை நம்பியிருப்பவர்களைப் பாதியில் விட்டுப் போவது பாவமில்லையா என்று. காசு கொடுத்து வாங்கியவள்கூட அப்படிக் கேட்டிருக்க மாட்டாள்.

பத்து நாள் கழித்துப் பதில் வந்திருந்தது. வீட்டுக்காரர் அதை எழுத்துக் கூட்டி வாசித்தார். கதையை வாசித்தது தன் சம்சாரம், தொண்டையில் ஆபரேசன் செய்ததில் குரல் போய்விட்டது, மீதியை வாசிக்க முடியாததற்கு மன்னிக்க வேண்டும் என்று எழுதி, கீழே போன் எண்ணும் கொடுத்திருந்தார் ஒருவர். வாசித்து முடித்ததும் வீட்டுக்காரர் போனை என் மடியில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் அந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கம், வாழைத் தோட்டம் வைத்திருப்பவர்கள். நேரில் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன். அவர் தயங்கினார். "அவ யாரையும் பாக்கறதில்லீங்க. ஆபரேசனுக்குப் பொறவு சொந்தக்காரங்க வந்தாக்கூட உள்ளார போயிக்கறா. இருங்க, கேட்டுச் சொல்றனுங்க" என்றார். சிறிது நேரத்தில் அவரே கூப்பிட்டார். "வரச் சொல்றாளுங்க" என்றார். அவருக்கே ஆச்சரியம் என்பது குரலில் தெரிந்தது.

காந்திபுரத்தில் கோபி பஸ் ஏறிப் போனோம். வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். வாசலில் ஒரு கை வந்து என் கையைப் பிடித்தது. மெலிந்த கை, உள்ளங்கை மட்டும் காய்த்திருந்தது. முகத்தைப் பார்த்தேன், அங்கே அந்தச் சாம்பல் திட்டுதான் இருந்தது. எனக்குத் தெரிந்த அவர் வெறும் குரல்தான். அந்தக் குரலும் இல்லை என்கிறபோது, யாருடைய கையைப் பிடித்திருக்கிறேன் என்றே எனக்குப் புரியவில்லை. ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய் அழுதுவிட்டேன்.

"வாங்க்கா" என்றார். சத்தமே இல்லை, காற்று மட்டும் வந்தது. என்னைக் கட்டிலில் உட்கார வைத்து, காதருகே குனிந்து, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்.

"கோபமெல்லாம் இல்லீங்க்கா. நாம்பாட்டுக்கு வாசிச்சுப் போட்டுட்டு இருந்தேன். அதைய ஒருத்தரு கேட்டுட்டு இருக்காங்கன்னு... நீங்க திட்டுன அன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"நீங்க எழுதுனதைய அழிச்சுப்போடலாம்னு சொன்னேனுங்க. உடவே மாட்டேன்னுட்டா" என்றார் அவர் கணவர்.

ஆபரேசனுக்குப் பிறகு அவர் தன் குரலை ஒரு தடவைகூடப் போட்டுக் கேட்டதில்லையாம். என் போனில் முப்பத்தொரு அத்தியாயமும் இருக்கிறது, கேட்கிறீர்களா என்றேன். என் காதருகே இருந்தவர் நிமிர்ந்துகொண்டார். கேட்டிருக்கக் கூடாதோ என்று நினைத்தபோது, "போடுங்க" என்றார். வீட்டுக்காரர் ஏதோ ஒரு இடத்தில் தொட்டுவிட்டார். "ஒரு நிமிசமுங்க, அது கத்தி முடிக்கட்டும்" என்றது அந்தக் கனமான குரல். என் தோளோடு ஒட்டியிருந்த அவர் உடம்பு குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன். என் கை மேல் சொட்டுச் சொட்டாக விழுந்த பிறகுதான் தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்து போய் அந்த நாவலை எடுத்து வந்தார். முப்பத்திரண்டாவது அத்தியாயத்தைத் திறந்து என் காதில் ஒரு வரியைக் கிசுகிசுத்தார். சரியாகக் கேட்டதா என்று சந்தேகம். நான் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னேன். என் கையை அழுத்தினார். அடுத்த வரி. அதையும் சொன்னேன். அப்படியே ஒரு பக்கம் போயிருப்போம். அதுவரை சும்மா இருந்த என் வீட்டுக்காரர் திடீரென்று, "ஏம்புள்ள, இதையே போனுல பதிஞ்சு போட்டா என்ன?" என்றார். கதைப் புத்தகமே படிக்காத மனுசன்.

மாதம் ஒரு தடவை போனோம். அவரால் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் முடியாது. தொண்டை வறண்டு இருமல் வந்துவிடும். வெந்நீர் குடித்துவிட்டு மறுபடி தொடங்குவார். கடிதத்தில், கணவன் இனி ஊருக்குத் திரும்பப் போவதில்லை என்று எழுதியிருந்தான். அந்த வரியைச் சொல்லிவிட்டு நான் நிறுத்திக்கொண்டேன். பிறகு அவர்தான் என் கையைத் தட்டி அடுத்த வரியைச் சொன்னார். ஒன்பது அத்தியாயத்துக்கு எட்டு மாதம் பிடித்தது. தளத்தில் வாசித்தவர் என்ற இடத்தில் எங்கள் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது.

என் குரல் சாதாரணக் குரல், அங்கங்கே தடுமாறும். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் பின்னணியில் லேசாக ஒரு காற்றுச் சத்தம் வருகிறது, அதை நீக்கித் தரட்டுமா என்று தளத்தை நடத்துகிறவர்கள் கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இப்போதும் அந்த நாவலை முதலிலிருந்து கேட்பதுண்டு. முப்பத்தொன்று முடிந்து என் குரல் வரும்போது, என் குரலை விட்டுவிட்டு அந்தக் காற்றுக்குத்தான் காதைக் கொடுப்பேன். அது ஒரே ஒரு வரிக்காவது மறுபடி குரலாக மாறிவிடாதா என்று ஒவ்வொரு முறையும் மனசு கேட்கிறது, இலவசம் என்று நினைத்து நான் இறக்கிக்கொண்டது அவருக்கே இனி இல்லாத குரலை என்பதும் ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் புரிகிறது.