யோகராணியின் மலையாடு

யோகராணி பதினொரு வருடமாகத் தியாகலிங்கத்தின் ஸ்டூடியோவுக்குப் படம் எடுத்துக் கொடுத்தவள். கல்யாணம், பெண்பிள்ளை வயதுக்கு வந்த சாமத்தியவீடு, அறுபதாம் கல்யாணம் என்று கனடாவின் ஸ்காபரோவில் அவள் கமராவுக்கு முன்னால் நிற்காத குடும்பம் குறைவு. ஆல்பத்தில் ஸ்டூடியோவின் பெயர்தான் இருக்கும். விழா முடிந்ததும் மெமரி கார்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட வேண்டும், அது அங்கே சட்டம். அதற்கெல்லாம் அவள் முகம் சுளித்ததில்லை. கல்யாணப் படம் பிழைப்பு.

மலை வேறு. ஒவ்வொரு செப்டெம்பரும் இரண்டு கிழமை லீவு போட்டுவிட்டு வடக்கே யூக்கொனுக்குப் பறந்துவிடுவாள். ஐம்பத்துமூன்று வயதில், முழங்கால் நோவோடு, கரடிக்கு அடிக்கிற ஸ்பிறேயை இடுப்பில் செருகிக்கொண்டு ஆள் அரவமில்லாத மலைச்சரிவில் குந்தியிருப்பாள். "அன்ரி, இன்னொருக்கா எடுங்கோ" என்று அவளை ஏவ அங்கே ஒருவரும் இல்லை. போன முறை ஒன்பது நாள் குளிரில் விறைத்து ஒரேயொரு படம் கிடைத்தது. புதுப்பனியில் வெள்ளை மலையாட்டுக் கடா ஒன்று, அதற்கு மேலே பாறையில் சிறகை விரித்தபடி ஓர் அண்டங்காகம். பார்த்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

விமானத்தால் இறங்கியதும் நேரே ஒரு சாமத்தியவீட்டுக்கு ஓட வேண்டியிருந்தது. அவசரத்தில் கார்டை மாற்ற மறந்தாள். இரவு பழக்கதோஷத்தில் அதையே தியாகலிங்கத்திடம் கொடுத்தாள். பிறகு நினைவு வந்தது. மலையில் இருந்தபோதே லாப்டொப்பில் பிரதி எடுத்துவிட்டதால் கார்டைத் திருப்பிக் கேட்கவில்லை.

வசந்தத்தில் தியாகலிங்கம் பக்கத்திலிருக்கும் மில்லிக்கனில் கல்யாண மண்டபம் ஒன்று கட்டி முடித்தார். திறப்புவிழாவுக்கு இரண்டு கிழமை முன்பு அங்கே போன யோகராணி வாசலிலேயே நின்றுவிட்டாள். வாசல் சுவரில் இருபதடி அகலத்தில் அவளுடைய கடா. கீழே பொன் எழுத்தில் 'படம்: தியாகலிங்கம்'. கல்யாண வாசலில் காகம் ஆகாதென்று அதைக் கம்ப்யூட்டரில் அழித்திருந்தார். அங்கே நின்ற தியாகலிங்கத்திடமே கேட்டாள்.

"அண்ணை, உது என்ர படமெல்லே?"

"என்ர ஸ்டூடியோவுக்கு வந்த கார்டிலை கிடந்தது. அப்ப என்ர படம்தான். சும்மா அலட்டாமல் போய் வேலையைப் பாரும்."

தான் பனியில் படுத்துக் கிடந்து அதை எடுத்த கதையை அவர் வேறு ஊரெல்லாம் அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தார். மனுசன் பக்கத்து ஒஷாவாவைத் தாண்டிப் போனதில்லை. யோகராணி யோசித்தாள். வக்கீலிடம் போகலாம், பேஸ்புக்கில் எழுதலாம். அது போதாது. படம் யோகராணியுடையது என்று அந்த வாயே சொல்ல வேண்டும். சொல்ல வைக்காமல் விடுவதில்லை என்று அன்றே முடிவெடுத்தாள்.

மறுநாளும் போய்ப் படத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள். காகத்தை அழித்தவர் பனியில் விழுந்திருந்த அதன் நிழலை விட்டுவிட்டார். அலகும் விரித்த சிறகுமாய்க் கடாவின் காலடியில் அது அப்படியே கிடந்தது. யோகராணி ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

திறப்புவிழாவுக்கு முந்நூறு பேர். தியாகலிங்கம் பட்டுவேட்டியோடு படத்தின் கீழ் நின்று மைக்கில் யூக்கொன் குளிரை விவரித்துக்கொண்டிருந்தார். மண்டபத்தில் முதலாவதாக நடக்க இருந்த கல்யாணம் தனுஷிகா என்ற பிள்ளையுடையது. யோகராணி அந்தப் பிள்ளையின் தாய்க்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"அக்கா, ஆட்டின்ர காலடியிலை கிடக்கிற நிழலைப் பாருங்கோ. என்னெண்டு தெரியுதோ?"

தாய் கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார். முகம் வெளிறியது. யோகராணிக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நகரவில்லை.

"ஐயோ, அண்டங்காகம்! காகத்தைக் காணேல்லை, நிழல் மட்டும் கிடக்கு!" தாய் போட்ட சத்தத்தில் சனம் படத்தைச் சூழ்ந்தது. போன்கள் உயர்ந்தன. "உதுக்குக் கீழாலையோ என்ர பிள்ளையைக் கல்யாணப் பொம்பிளையாக் கூட்டிக்கொண்டு வாறது? தெரிஞ்சுகொண்டே உப்பிடிப் படம் எடுத்து வாசலிலை கொழுவினனீங்களோ? எங்களுக்கு உங்கட மண்டபம் வேண்டாம்!"

தங்களுக்கும் வேண்டாமென்று பின்னால் இன்னும் இரண்டு குடும்பங்கள். தியாகலிங்கம் மைக்கைத் தாழ்த்திக்கொண்டு தாயின் பக்கம் திரும்பினார்.

"நான் எடுக்கேல்லை! சத்தியமா நான் எடுக்கேல்லை! உது யோகராணி எடுத்த படம்!"

யோகராணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் முன்னால் வந்தாள்.

"கடைசி வரிசைக்குக் கேக்கேல்லை அண்ணை. மைக்கிலை சொல்லுங்கோ."

அவர் மைக்கை உயர்த்திச் சொன்னார்.