எடை குறையாத மனிதர்

போன வருடம் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் நடந்தது. ராயபுரத்தில் கோயிலை ஒட்டிய சந்தில் குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இதயம் பலவீனமாகி இரண்டு வருடமாக வீட்டோடு இருக்கிறார். உப்பு அளவு, தண்ணீர் அளவு, மாத்திரை, உடம்பில் நீர் ஏறுகிறதா என்று காலையில் எடை பார்ப்பது என்று எல்லாம் என் தலையில்தான். உண்மையைச் சொன்னால் எனக்கு அலுத்துப்போயிருந்தது.

அந்த அலுப்பில் ஒரு நேர்ச்சை செய்தேன். நாற்பது நாளும் வீட்டில் மீன், கறி, முட்டை எதுவும் அடுப்பேறாது, இவரைக் குணமாக்கு ஆண்டவரே என்று.

"வெறும் ரசத்த ஊத்திகினு எத்தினி நாளுமே துன்றது?" என்பார். நான் ஒரே அதட்டில் அடக்கிவிடுவேன். அதற்கு ஈடாக, பார்க்க வந்தவர்கள் கொடுத்த சத்து பவுடரைப் பெரிய டம்ளர் பாலில் கரைத்து மூன்று வேளையும் கொடுத்தேன். அந்தப் பாலைத் தண்ணீர்க் கணக்கில் சேர்க்கவே இல்லை. அதுவும் மருந்து மாதிரிதானே என்று நினைத்துக்கொண்டேன்.

எடை மட்டும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. தினமும் அறுபத்து நாலு. சாமி காது கொடுத்துவிட்டது என்று பூரித்துப்போனேன்.

ஐந்தாவது வாரம் ஒரு காலை கழிப்பறையிலிருந்து குரல் வந்தது. "எந்திரிக்க முடியலமே." பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாகத் தூக்கினோம். ஊர் மூட்டையெல்லாம் சுமந்த மனுஷன், கூச்சத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா அவர் காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். விழுந்த பள்ளம் அப்படியே நின்றது.

"எடை அப்டியேதாம்மா கீது" என்றேன்.

"அதான் பேஜாரே. காலுல நீர் ஏறிக்கினே வந்துக்குது, தொடையில சதை கரைஞ்சிகினே போயிக்குது. ரெண்டும் சரிக்குச் சரியாப் பூட்டா எடை எப்டி மாறும்? முட்டை, மீனு குடுக்கிறீங்களா, இல்லியா?"

நேர்ச்சையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டார். திட்டியிருந்தாலாவது தேவலை.

டாக்டர் மாத்திரையை மாற்றினார். யாரையும் கேட்காமல் பவுடர் கொடுக்கக் கூடாது, குடிக்கிற பாலும் தண்ணீர்க் கணக்குதான், சதைக்குச் சாப்பாடும் வேண்டும், மெல்ல நடமாட்டமும் வேண்டும் என்றார். கோயிலில் ஃபாதரிடம் போய் அழுதேன். "சீக்காளி நோன்பு இருக்கணும்னு திருச்சபை எப்பம்மா கேட்டுது?" என்று அவர்தான் வருத்தப்பட்டார்.

உப்பைக் குறைத்துச் சங்கரா மீன் குழம்பு வைத்தேன். "சாமி கோச்சிக்காதாமே?" என்று கிண்டல் செய்துகொண்டே தட்டைக் காலி செய்தார்.

போன சதை முழுதாக வரவில்லை. எழுந்து நிற்க இன்னும் என் தோள் வேண்டும். இப்போதும் அவருக்காக நேர்ந்துகொள்ளத்தான் செய்கிறேன், ஆனால் குறைப்பது என் தட்டில் இருப்பதை மட்டும்தான்.