வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி

தேக்குக் கூரையில் ஓட்டை விழக்கூடாதென்று அடம்பிடித்த முட்டாள் நான்தான். எண்பதுகளின் கடைசியில், மலேசியாவில் ஈப்போ நகருக்கு வெளியே ஒரு பழைய ரப்பர் தோட்டத்துத் துரை பங்களாவை விருந்தினர் விடுதியாக மாற்றிக்கொண்டிருந்தேன். தீ அபாய மணி மாட்ட வந்த ஒயர்மேன் ஒல்லி, காதில் பென்சில். எந்தச் சுவரையும் முதலில் விரல் முட்டியால் தட்டி, காது வைத்துக் கேட்பார்.

"கூரையில ஓட்ட போட்டு ஒயர் இழுத்துருவோம் தம்பி. ஒயர் இல்லாததுல பேட்டரிதான் லா. யாராச்சும் கழட்டிருவாங்க."

"பேட்டரி திருடவாண்ணே திருடன் வருவான்?" என்று சிரித்து, ஒயர் இல்லாததையே மாட்டச் சொன்னேன்.

கழட்டியது நானே. வெள்ளிக்கிழமை சாமிக்குச் சாம்பிராணி போட்டால் மணி அலறும், பேட்டரியை எடுத்துவிடுவேன். ஒரு வெள்ளிக்கிழமை அதைத் திரும்பப் போட மறந்தேன். மறுநாள் மதியம் பின்னறையில் தீப்பிடித்தபோது மணி வாயே திறக்கவில்லை. அங்கே கண்ணயர்ந்திருந்த சமையல்கார அக்காவின் இரண்டு கைகளும் வெந்துபோயின.

அதே மனிதர் ஒயரோடு திரும்ப வந்தார். 'அன்னைக்கே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை இல்லை. ஏன் இல்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சுவரைத் தட்டினார், கேட்டார், தேக்கில் துளை போட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஏணியைப் பிடித்தபடி, பழைய புத்தி போகாமல் கேட்டேன்:

"அண்ணே, இனிமே சாம்பிராணி போடலாமா?"

"அக்காவக் கேளுங்க."