இதயத்தில் ஒரு சாம்பல் திட்டு

மருத்துவமனையில் அவளை எல்லாரும் பெயிண்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். தொடையின் ரத்தக்குழாய் வழியாக டாக்டர் ஒரு மெல்லிய கம்பியை இதயத்துக்குள் ஏற்றி, உட்சுவரைப் புள்ளி புள்ளியாகத் தொட்டுக்கொண்டே போவார். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அந்தப் புள்ளிகளைக் கோத்துத் திரையில் ஒரு இதயத்தை எழுப்புவது அவள் வேலை. துடிப்புக்கான மின்சாரம் முதலில் கிளம்பும் இடம் சிவப்பு, கடைசியாகப் போய்ச் சேரும் இடம் ஊதா. மின்சாரமே எழாத செத்த தசைக்குச் சாம்பல்.

அன்று மேஜையில் கிடந்தது அவளுடைய அக்கா. அதே மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். இரண்டு மாதமாக நெஞ்சுத் துடிப்பு திடீர் திடீரென்று தறிகெட்டு ஓடியது. இரண்டு தடவை மயங்கி விழுந்தாள்.

முன்சுவரில் சாம்பல் பரவியது. புள்ளி கூடக் கூடத் திட்டு பெரிதானது. பெயிண்டர் யாருடைய இதயத்துக்கோ நிறம் தீட்டுவதுபோல் தீட்டினாள்.

"பழைய அட்டாக். அப்பவே யாரும் பார்க்கலையா?" என்றார் டாக்டர்.

பார்த்தார்கள். மூன்று வருடத்துக்கு முன் நெஞ்சு எரிகிறது என்று அக்கா வந்தபோது, ஈசிஜி அறையில் இருந்து படம் எடுத்தவளே இவள்தான். பெண்களுக்கு மார்பைத் தூக்கி அடியில் ஒட்டவேண்டிய ஈசிஜி வயரின் வில்லைகளை மேலேயே ஒட்டிவிடுவது அந்த அறையின் வழக்கம். கூச்சமும் மிச்சம், நேரமும் மிச்சம். அப்படி ஒட்டினால் கோடு கோணலாக வரும். அப்படி வருவதாலேயே டாக்டர்கள் பெண்களின் கோட்டை நம்புவதில்லை. "பொம்பளைங்க படம் இப்படித்தான்" என்று அன்றைய டாக்டர் தள்ளிவிட்டார். அக்காவுக்கு வயிற்றெரிச்சல் மாத்திரை கிடைத்தது. மரியாதை என்று பேர் சூட்டி, வந்த பெண்களையெல்லாம் அரைகுறையாகப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஓட்டம் கிளம்பும் இடமான திட்டின் ஓரத்தை டாக்டர் கம்பி நுனியின் சூட்டால் பொசுக்கினார். தறிகெட்ட ஓட்டம் அடங்கியது. சாம்பல் சாம்பலாகவே இருந்தது.

சாயங்காலம் வார்டில் அக்கா கண் விழித்தாள்.

"ஏண்டி, என் படத்துல என்னென்ன கலர்?"

"எல்லாம் இருக்குக்கா. முன்னாடி பெரிசா ஒரு சாம்பல்."

"இஸ்திரிப் பெட்டியை எடுக்க மறந்தா துணியில திட்டு விழுமே, அது மாதிரியா?"

"அதேதான். மறந்தது நான். அன்னிக்கு வில்லையை மேல ஒட்டிட்டேன்."

"எனக்குக் கூச்சமா இருக்கும்னுதானே?"

"கூச்சமான்னு நான் உன்னைக் கேக்கவே இல்லியே."

அக்கா கூரையையே பார்த்தாள். "கேட்டிருந்தா, போடி லூசுன்னு சொல்லியிருப்பேன்."

பெயிண்டர் இறங்கிப் போய் அக்காவின் சோதனை அறிக்கையின் அடியில் ஒரு வரி சேர்த்தாள்: மூன்று வருடத்துக்கு முன் எடுத்த ஈசிஜியில் வில்லைகள் இடம் மாற்றி ஒட்டப்பட்டிருந்தன, ஒட்டியவர் நான்.

டாக்டர் படித்துவிட்டு அவளைப் பார்த்தார். "இதை எதுக்கு எழுதறே? வேலைக்கே வேட்டு வெச்சுடுவாங்க. எடுத்துடு."

"இருக்கட்டும் சார். என் பேரைத்தானே போட்டிருக்கேன்."

அச்சுப் பொத்தானை அழுத்தினாள். பயம் வரும் என்று காத்திருந்தாள். தாள்தான் வந்தது.